வீட்டுத்தோட்டச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை, திருவொற்றியூர்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ஆடியில் காய்கறி விதை வழங்கினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி வைத்தோம்.

எலுமிச்சைக் கன்றுத் திட்டத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடியில் கொடுத்த கன்றுகள் பல, கார்த்திகைக்குள் இலை நுனி கருகி நின்றன. செயலாளரான நான் நோஞ்சான் கன்று வாங்கிவிட்டேன் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். பல வீடுகளில் யூரியா தூரை ஒட்டிக் குவிந்து கிடந்தது. இலை கருகியது அதனால்தான்.

20 கிராம் யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 9 கிராம். அதே சத்து வேப்பம்புண்ணாக்கில் கிடைக்க 180 கிராமாவது போட வேண்டும். மண்புழு உரமென்றால் அரை கிலோவுக்கு மேல். யூரியாவுக்கும் இவற்றுக்கும் ஒரே ‘ஒரு கைப்பிடி’ என்ற கணக்கு ஆகாது. புதுத்துளிர் விட்டு இலை முற்றும்வரை ரசாயன உரமே வேண்டாம். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, தரையில் நட்ட கன்றுக்கு யூரியா 20 கிராம், தொட்டிக்கு அதில் பாதி. தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாகத் தூவி, லேசாகக் கிளறி, முன்னும் பின்னும் தண்ணீர் விடுங்கள். தொட்டியில் ஓரடி இடம் இருக்காது. விளிம்பை ஒட்டித் தூவினால் போதும். புண்ணாக்கும் தொழுவுரமும் நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகுதான் வேருக்குக் கிடைக்கும், அதனால் ஒரு மாதம் முந்தியே போட வேண்டும். மட்காத சாணம் வேரைச் சுடும், கரையானையும் அழைத்துவரும்.

நம் பகுதியின் போர்வெல் தண்ணீர் உப்பு. சாம்பல்சத்து உரமான சிவப்புப் பொட்டாஷில் இருக்கும் குளோரைடும் சேர்ந்தால் எலுமிச்சை தாங்காது. சல்பேட் பொட்டாஷ் வாங்குங்கள். துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை, யூரியா கூட்டினால் தீராது. இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டுகள் விழுந்தால் துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 2.5 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு கலந்து மாலையில் தெளிக்கவும்.

நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலுக்கு முன் உரம் போடாதீர்கள் என்று குழுவில் எழுதினேன். படித்தவர் சிலரே. மற்றவர்கள் போட்ட யூரியா மழையோடு போயிற்று.

வரவு புண்ணாக்கு, கன்று, ஆட்டோ வாடகை, தேநீர் என்று ஏறக்குறையச் செலவாகிவிட்டது. நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது, பார்க்கலாம். கன்று வாங்கிக்கொண்டு சந்தா தராதவர்களின் பெயரை இங்கே வாசிக்கவில்லை. அவர்களுக்கே தெரியும்.

கூட்டத்துக்கு மாடி தந்த குடும்பத்தினருக்கும், பொருளாளருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு யார் செயலாளரானாலும் மண்புழு உரத் தொட்டியை ஒருவரே பார்த்துக்கொள்ள முடியாது. ஞாயிறுதோறும் இரண்டு பேர் வர வேண்டும். கிராம் காட்டும் தராசு ஒன்றும் வாங்க வேண்டும். வைகாசிக்குள் சந்தா வந்துவிட்டால் ஆடிக்கு முன் புண்ணாக்கு மூட்டையை இறக்கிவிடலாம்.

செயலாளர்