ஆலன் ஃபீல்ட்ஹவுஸை அதிர வைக்கிறவர்களுக்கு நன்றி

அன்புள்ள கான்சாஸ் பல்கலைக்கழக மாணவர்களுக்கும், பேண்ட் குழுவினருக்கும், அரங்கப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

கூடைப்பந்துப் பருவம் முடிந்தால் ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் பாராட்டு குவியும். குவியட்டும், தகும். இந்த மடல், ஒரு கூடைகூடப் போடாமல், லாரன்ஸ் நகரத்தில் நம் பல்கலைக்கழக அரங்கான ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் ஆட்டத்தின் போக்கை மாற்றுகிற உங்களுக்கு.

முதல் நன்றி வரிசை காக்கிறவர்களுக்கு. கையில் மாணவர் டிக்கெட் இருந்தால் உள்ளே வந்துவிடலாம்; முன் பெஞ்சு கிடைப்பது வேறு கணக்கு. குழுவாகப் பெயர் கொடுத்து, குலுக்கலில் வரிசை எண் வாங்கி, குறித்த நேரம் முழுக்க குழுவில் ஒருவராவது இடத்தில் இருக்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் குழுவே பட்டியலிலிருந்து போய்விடும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு விழுகிற நாளில்தான் சிக்கல் வரும். யார் எந்த மணிக்கு உட்காருவது என்று அட்டவணை போட்டு, தூங்கிப்போனவர்களை போன் போட்டு எழுப்புகிற ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. நாள்கணக்கில் காத்திருந்து இடம் பிடித்தவர்கள் ஆட்டத்தில் சும்மா உட்கார மாட்டார்கள். களத்துக்கு மிக அருகில் அப்படிப்பட்டவர்களே நிற்பதுதான் இந்த அரங்கின் பலம்.

கட்டடத்துக்கும் பங்கு உண்டு. 1955 மார்ச் 1-ஆம் தேதி திறந்தது; சுண்ணாம்புக் கல் சுவர், மேலே இரும்புச் சட்டங்கள், களத்தை ஒட்டி ஏறும் பெஞ்சுகள். ஆனால் கட்டடம் தானாகக் கத்தாது. 2017 ஜனவரி 28-ஆம் தேதி கென்டக்கி பல்கலைக்கழக ரசிகர்கள் தங்கள் அரங்கமான ரப் அரீனாவில் 126.4 டெசிபெல் எட்டி கின்னஸ் சாதனை வைத்தார்கள். எதிரே ஆடியது நம் அணி. பதினாறே நாளில், பிப்ரவரி 13 அன்று, நீங்கள் 130.4 எட்டினீர்கள். நான்கு டெசிபெல்தானே என்று தோன்றும். டெசிபெல் கணக்கில் மூன்று கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. நான்கு என்றால் சுமார் இரண்டரை மடங்கு. ரப் அரீனாவில் இருக்கை அதிகம், நம் அரங்கில் அன்று 16,300 பேருக்குத்தான் இடம். கருவியை எங்கே வைத்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதால், சாதனையைவிட அன்றைய ஆட்டத்தையே நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம் மீதியிருக்க, வெஸ்ட் வர்ஜீனியா 14 புள்ளி முன்னால். அந்த நிலையில் கார் நிறுத்துமிடம் நோக்கி நடப்பது எந்த ஊரிலும் இயல்பு. நீங்கள் நின்றீர்கள். கூடுதல் நேரத்தில் 84-80 என்று முடிந்தது.

எப்போது கத்துவது என்று தெரிந்தவர்கள் நீங்கள். இதைப் புதிதாக வரும் முதலாமாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மூத்தவர்களுக்கு நன்றி. பந்து எதிரணியிடம் இருக்கும்போதுதான் சத்தம் வேண்டும். பந்தைக் கொண்டுவந்து அவர்களுடைய ஆட்டத்தை நடத்துகிறவர் சொல்வது பத்தடி தள்ளி நிற்கிற சக ஆட்டக்காரருக்குக் கேட்கக்கூடாது. அவர்கள் கை ஜாடைக்கு இறங்கினாலே ஒன்றிரண்டு நொடி கரையும். பந்தைக் கூடைக்கு எறிய ஓர் அணிக்குத் தரும் 30 நொடி ஷாட் கிளாக்கில் அது பெரிய தொகை. கடைசிப் பத்து நொடியில் சத்தம் உச்சத்துக்குப் போனால் அவசரத்தில் பந்தை எறிவார்கள். நம் அணி பந்தோடு வந்ததும் அடங்கிவிட வேண்டும், இல்லையென்றால் கோச் கூப்பிடுவது நம் ஆட்களுக்கே கேட்காது. புதியவர்கள் தவறுவது இங்கேதான்: முதல் பத்து நிமிடம் ஓயாமல் கத்தி, இரண்டாம் பாதியில் தொண்டை கட்டி நிற்பார்கள்.

ஃப்ரீ த்ரோ, அதாவது தவறுக்குத் தண்டனையாக யாரும் தடுக்காமல் எதிரணி எறிகிற எறிதல், இன்னும் நுட்பமானது. கூடை மாட்டியிருக்கிற பலகை கண்ணாடி என்பதால் பின்னால் நிற்கும் உங்களை எறிபவர் நேராகப் பார்க்கிறார். ஆளுக்கொரு திசையில் கையை ஆட்டினால் எல்லாம் கலந்து ஒரே கலங்கலாகிவிடும். பழகிய கண் அதை ஒதுக்கிவிடும். எதிர்பாராத ஒன்று திடீரென்று தெரிந்தால்தான் கவனம் சிதறும். அரிசோனா ஸ்டேட் மாணவர்கள் 2013-இல் கொண்டுவந்த திரை அதற்குத்தான்: எறிகிற நேரத்தில் திரை விலகும், உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2016-இல் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸே அதற்குள்ளிருந்து வந்தார். நம் ஆள் ஃப்ரீ த்ரோ எறிய நிற்கும்போது நீங்கள் மூச்சுவிடாமல் நிற்பதும் இதே அளவு பெரிய உதவி. இந்தியானாவில் டெய்லர் பல்கலைக்கழகத்தில் டிசம்பர் ஆட்டம் ஒன்றில், தங்கள் அணி பத்தாவது புள்ளி எடுக்கும்வரை முழு அரங்கும் வாயே திறக்காது. எடுத்த நொடியில் கூரை பறக்கும். அடங்கியிருந்த பிறகு எழுகிற சத்தத்துக்கு இருக்கிற வலு, தொடர்ந்து போடுகிற சத்தத்துக்கு வராது.

பேண்ட் குழுவுக்கு வருவோம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது வாத்தியம் வாசிக்கக்கூடாது என்பது விதி. ஊதல், ஹாரன் போன்ற செயற்கை ஒலிக் கருவிகளுக்கும் அனுமதியில்லை. அதனால் ஒவ்வொரு பாதியிலும் மீதி நேரம் 16, 12, 8, 4 நிமிடக் குறிகளைத் தாண்டி இறங்கியபின் ஆட்டம் நிற்கிறபோது வரும் தொலைக்காட்சி இடைவேளைகள் முழுக்க உங்கள் பொறுப்பு. சூடேறியிருந்த அரங்கு ஆறிப்போவது அந்த இடைவேளைகளில்தான். டிரம்மர் ஒரு கண்ணைக் குச்சியிலும் மறு கண்ணை நடுவரிடமும் வைத்திருப்பார். நடுவர் பந்தைக் கையில் எடுத்ததும் குச்சி நிற்கும், பித்தளைக் கருவிகள் பாட்டின் நடுவிலேயே நின்றுவிடும். மேல் வரிசையிலிருந்து அதைப் பார்ப்பதே ஓர் அழகு.

எதிரணியை அறிமுகம் செய்யும்போது செய்தித்தாளை விரித்துப் படிப்பதுபோல நின்று, நம் அணி வரும்போது அதையே கிழித்து வீசுகிறீர்களே, அந்தத் துண்டுகளைப் பெருக்குகிறவர்களுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. செய்தித்தாள் மேலிருந்து கீழாக நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். முதலில் நீளவாக்கில் பட்டை பட்டையாகக் கிழித்து, பிறகு சின்னதாக்கி, கைக்குள் தளர்த்தி மேல்நோக்கி வீசுங்கள். உருண்டையாகக் கசக்கினால் பறக்காமல் களத்தில் விழும். ஒரு துண்டு ஷூவுக்கடியில் போனாலே பிடிமானம் போய்க் கால் வழுக்கும். ஆட்டத்தின் நடுவே குப்பை விழுந்தால் நடுவர் டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கலாம், எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. அர்கான்சாஸில் ஜான் பிரவுன் பல்கலைக்கழகத்தார் முதல் கூடை விழுந்ததும் கழிப்பறைக் காகித உருளைகளை வீசி, அந்தத் தண்டனையைத் தெரிந்தே ஏற்கிறார்கள். நம் ஆட்டங்களுக்கு அது கட்டுப்படியாகாது. அகலத் துடைப்பத்தோடு ஒரே வீச்சில் களத்தைத் துடைத்துத் தருகிறவர்களே, உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

வழிகாட்டிப் பணியாளர்களுக்கும் காவலர்களுக்கும் நன்றி. 2024 பிப்ரவரியில் வேக் ஃபாரஸ்ட் ரசிகர்கள் களத்துக்குள் பாய்ந்தபோது டியூக் ஆட்டக்காரர் கைல் ஃபிலிபோவ்ஸ்கிக்கு முழங்காலில் அடிபட்டது. அது நம் அரங்கில் நடக்கக்கூடாது.

குழந்தைகளை அழைத்து வருகிற பெற்றோருக்கு: காதுக் கவசம் போட்டுவிடுகிறீர்கள், நன்றி. 100 டெசிபெலில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரமே பாதுகாப்பான அளவு என்கிறது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH). பெரியவர்களும் நுரை அடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது உப்பும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்தி வையுங்கள். பாதி செருகினால் பயனில்லை.

கடைசியாக, 2023 ஏப்ரல் 1 அன்று வந்தவர்களுக்கு. கொலம்பியாவை 66-59 என்று வென்று நம் பெண்கள் அணி டபிள்யூ.என்.ஐ.டி. என்னும் பெண்கள் தேசிய அழைப்புப் போட்டியின் கோப்பையை இதே அரங்கில் எடுத்தபோது 11,000-க்கும் மேற்பட்டோர் இருந்தீர்கள். மற்ற நாட்களில் அவர்களுடைய ஆட்டத்துக்கு முன் பெஞ்சு எளிதில் கிடைக்கும், நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அங்கே பத்து நிமிடக் கால்பகுதிகள் என்பதால் இடைவேளைக் கணக்கு மாறும், அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் அந்தப் பெஞ்சுகளுக்கும் வாருங்கள். நாங்களும் கீழே இறங்கி வருகிறோம்.

அன்புடன்,
மேல் வரிசைப் பெஞ்சு ரசிகர்கள்