மலருக்கு, அந்த இழுப்பறையைப் பற்றி

அன்புள்ள மலர்,

மூன்று ஞாயிறாக நீ கூப்பிடவில்லை. வேலை அதிகம் என்று மாப்பிள்ளை சொன்னார், சரி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கொல்லையில் தென்னை மட்டை விழுந்து ஓடு இரண்டு உடைந்தது, இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் மனசு வேறு இடத்தில் நிற்கிறது.

ஆகஸ்டில் இங்கிலாந்துக்கு, உன் லெஸ்டர் வீட்டுக்கு வந்தபோது செலோ டேப் தேடி உன் சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். அந்த நாட்டு அரசாங்க மருத்துவ சேவையான என்.எச்.எஸ் அனுப்பிய கடிதம் மூன்று கிடந்தது. இரண்டை நீ பிரிக்கவே இல்லை. பிரித்திருந்ததை எடுத்துப் படித்தேன், படித்திருக்கக் கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லிப் போட்டிருந்தார்கள். அந்த ஊரில் 25 வயதிலிருந்து கூப்பிடுகிறார்கள், உனக்கு 34. ஒரு தடவையாவது போனாயா? பத்து நாள் கூடவே இருந்தும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

2007-ல் தஞ்சாவூரிலும் தேனியிலும் அரசாங்கம் இந்தப் பரிசோதனையைத் தொடங்கியபோது வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டிவந்தவள் நான். வினிகரில் இருக்கிற அதே அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால் சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். உடம்பு கனத்த பெண்கள் சுகர், பி.பி பார்க்கிற வரிசையில் பேசாமல் நிற்பார்கள், அந்த அறைக்குப் போ என்றதும் "வீட்டில் வேலை கிடக்கு நர்சம்மா" என்று நழுவிவிடுவார்கள். ஒருத்தி வாசலோடு நின்று, இந்தக் கட்டில் என்னைத் தாங்குமா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். அவள் வீட்டுக்கு நான் திரும்பப் போகவில்லை.

யாருக்கு டாக்டரைப் பார்ப்பது அதிகம் வேண்டுமோ அவர்களே ஒதுங்கிப் போகிறார்கள், அதுதான் என்னை அரிக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகும் உடம்புக் கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் உண்டாகிக்கொண்டே இருக்கும், மார்பகத்துக்கும் கர்ப்பப்பையின் உட்சவ்வுக்கும் அது ஆகாது. உனக்கு பி.சி.ஓ.எஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை வேறு. அந்தக் கடிதத்துப் பரிசோதனை கர்ப்பப்பை வாய்க்கு மட்டும்தான், உட்சவ்வை அது பார்க்காது, ஆகையால் மாதக்கணக்கில் தள்ளிப்போனாலும் இடையில் ரத்தம் பட்டாலும் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். ராஜி அத்தை கடைசியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது உனக்கு மறந்திருக்காது, நான் அதை எழுதவில்லை.

அங்கே ஒரு பெரிய டீமையே கட்டி மேய்க்கிறாய். குட்டிக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறாய், அவள் எழுதுகிற 'ழ' என்னுடையதைவிட அழகு. இவ்வளவும் செய்கிற உனக்கு ஒரு கவரைப் பிரிக்கக் கை வரவில்லையா?

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும் மலர்.

உனக்கு அப்போது 19. மூன்று மாதம் தள்ளிப்போயிற்று என்று நான்தான் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா உன்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பி.பி பட்டை உன் கையைச் சுற்றி எட்டவில்லை என்று அலுத்துக்கொண்டு, முதலில் பத்து கிலோ குறைத்துவிட்டு வா என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் சிரித்துக்கொண்டே "நானும் அதைத்தான் சொல்றேன் டாக்டர், கேட்டாத்தானே" என்றேன். பெரிய பட்டை என்று ஒன்று உண்டு, எனக்குத் தெரியும், அதைக் கேட்டு வாங்க வேண்டியவள் நான். டாக்டர் முன்னால் நல்ல பேர் எடுப்பதற்காகப் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்தேன். பஸ்ஸில் வீடு வரை நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். அதற்கப்புறம் என்னோடு எந்த டாக்டரிடமும் நீ வந்ததில்லை. 15 வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட.

கவரைப் பிரி. போன் பண்ணி நேரம் வாங்கும்போதே பெண் நர்ஸ் வேண்டும், கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும் என்று சொல்லிவிடு. உள்ளே விரித்துப் பார்க்கிற ஸ்பெகுலம் கருவியில் சின்னது பெரியது என்று பல அளவு உண்டு, சரியான அளவு போடாவிட்டால் கர்ப்பப்பை வாய் தெரியாமல் அவர்களும் தடுமாறுவார்கள், உனக்கும் வலிக்கும், அது உன் உடம்பின் குற்றம் இல்லை. சரியாகத் தெரியவில்லை என்றால் இரண்டு கையையும் முஷ்டியாக்கி இடுப்புக்கு அடியில் வைத்துக்கொள். தொளதொளவென்று பாவாடை கட்டிக்கொண்டு போனால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை. வலித்தால் நிறுத்தச் சொல். எடையைப் பற்றி யாராவது ஆரம்பித்தால், இன்றைக்கு இதற்கு மட்டும்தான் வந்திருக்கிறேன் என்று சொல். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அது.

நேரம் வாங்கியதும் தேதியை மட்டும் வாட்ஸ்அப்பில் போடு. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், தேதி மட்டும் போதும். முதலில் கவரைப் பிரி.

அப்பா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட நேரமாகிவிட்டது.

அம்மா