துடிப்பு சீரான பின்னும் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புச் சீரின்மைக்காக மதுரையில் எனக்கு அப்லேஷன் சிகிச்சை நடந்தது. சிகிச்சை செய்தவர்களுக்கு வீடு திரும்பும் நாளிலேயே நேரில் நன்றி கூறிவிட்டேன். அதன் பிறகு, ஒவ்வொரு துடிப்பையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு உறங்காமல் கிடந்த என்னைப் பொறுமையுடன் தாங்கியவர்களுக்கு இதுவரை முறையாக நன்றி சொல்லவில்லை.

முதலில் மருத்துவர் ஐயாவுக்கு. தொடை மடிப்புச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் இடது மேலறையில் நுரையீரல் சிரைகள் வந்து சேரும் இடங்களைச் சுற்றி வடு உண்டாக்குவதே இச்சிகிச்சை என்பதை, மருந்துச் சீட்டின் பின்புறம் படம் வரைந்து அவர் விளக்கினார். தவறான துடிப்புகள் பெரும்பாலும் அந்தச் சிரைகளிலிருந்தே கிளம்புகின்றன என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998இல் கண்டறிந்து வெளியிட்டதையும் அவர்தான் சொன்னார். வடு ஆறும் காலத்தில் துடிப்பு மீண்டும் தடுமாறக்கூடும் என்பதும், முன்பு மூன்று மாதமாகக் கொள்ளப்பட்ட அந்தக் காலம் 2024இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டுதலில் இரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது என்பதும், அதற்குள் வரும் தடுமாற்றத்தை வைத்துச் சிகிச்சை தோற்றதாக முடிவு கட்டுவதில்லை என்பதும் எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தன.

ஆனால் பகலில் கேட்ட விளக்கம் நள்ளிரவில் கைகொடுப்பதில்லை. அந்த நேரத்துக்கு உதவியது செவிலியச் சகோதரி ஒருவர் தம் கைப்பட எழுதித் தந்த தாள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சு குழறுதல், கை கால் வலுவிழத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். சில வாரங்கள் கழித்துக்கூட, காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒற்றைத் துடிப்பு தவறியதுபோல் தோன்றிச் சற்று நேரத்தில் அடங்கிவிட்டால், காலையில் தொலைபேசியில் கேட்டால் போதும். “ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்” என்று உறவினர்கள் அன்பாகச் சொன்னதெல்லாம் சாதிக்காததை அந்த ஒரு தாள் சாதித்தது. எதற்கு அஞ்ச வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்ததும், மற்றவற்றைக் காலை வரை தள்ளிவைக்க முடிந்தது.

இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைப் பொருத்திய தம்பியை மறக்க முடியாது. 24 மணி நேரப் பதிவின்போது, படபடப்பு வந்த நேரங்களையெல்லாம் குறித்துவைக்கச் சொன்னார். பதிவை மருத்துவர் பார்த்து முடித்த பின், என் குறிப்புகளையும் அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினார். நான் அஞ்சிய நேரங்களில் பலவற்றில் துடிப்பு சீராகவே, வேகமாக மட்டும் இருந்தது. மற்றவை, ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, சிறு இடைவெளிக்குப் பின் அடுத்தது வலுவாக விழுந்தவை. அந்த இடைவெளியில் இதய அறையில் கூடுதலாக ரத்தம் நிறைவதால்தான் நெஞ்சில் இடித்ததுபோல் தோன்றுகிறது, நலமாக இருப்பவர்களுக்கும் இது வருவதுண்டு என்று, “அம்மா, இதைப் பாருங்கள்” என்றபடி திரையைத் தொட்டுக் காட்டினார். அவருக்கு வரிசையில் இன்னும் பலர் காத்திருந்தார்கள்.

கோரிப்பாளையத்து மனநல ஆலோசகர், அச்சத்தால் சுரக்கும் அட்ரினலினே துடிப்பை விரைவுபடுத்தும், அந்த விரைவு மீண்டும் அச்சத்தை வளர்க்கும் என்று புரியவைத்தார். மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தை இரவில் கழற்றிவைத்து, மருத்துவர் சொன்ன வேளைகளில் மட்டும் நாடி பார்க்கப் பழக்கினார். அவரைச் சந்திக்க முடியாத நேரங்களில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி வழி மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசியவர்களுக்கும் என் நன்றி. இதயத்துக்குப் போனவள் மனநலத்துக்கு ஏன் போகிறாள் என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த மடலில் இடம் ஒதுக்க விரும்பவில்லை.

மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டபோது, நான் ரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வதை நினைவில் வைத்து, மருத்துவரைக் கேட்காமல் தர மறுத்த சிம்மக்கல் மருந்துக்கடைக்காரருக்கும், நள்ளிரவில் ஆட்டோவை எடுத்து வந்து, ஈ.சி.ஜி. சரியாக இருப்பதாகச் சொல்லும் வரை வாசலிலேயே காத்திருந்து, வாடகையை வாங்க மறுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும் அக்கா தங்கைமார்களே, ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும் என்பதால் நான் தயங்கியபோது, ஒரு கரையோடு திரும்பலாம் என்று கூடவே மெல்ல நடந்தீர்கள். நான் நின்ற இடத்தில் நீங்களும் நின்றீர்கள். ஏன் நின்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, முருங்கைக்காய் விலையைப் பற்றிய பேச்சும் நிற்கவில்லை.

துடிப்பு இப்போதும் எப்போதாவது இடறுகிறது, மருந்து தொடர்கிறது. பெயர் வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் எழுதவில்லை. தைமாதத் தெப்பத் திருவிழாவன்று அனைவரும் குடும்பத்துடன் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். மாடியிலிருந்து தெப்பம் நன்றாகத் தெரியும், மதிய உணவும் எங்களுடன்தான்.

நன்றியுடன்,
தெப்பக்குளத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்