சித்தப்பா கடிதங்கள்

கண்ணம்மா,

சித்தப்பாவைப் பற்றி என்னிடம் பேசுவீர்களா என்று அன்றைக்கு நீ கேட்டதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், அதற்கப்புறம் நீ கூப்பிடவே இல்லை. ஆனர்ஸ் வருஷம், வேலை அதிகம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு.

குற்றங்களைப் பற்றிய உன் கிரிமினாலஜி படிப்பு போலீஸ் வேலைக்கா என்று கேட்டவர்களிடமெல்லாம் ஆமாம் என்று தலையாட்டியவன் நான். முதல் வருஷ லீவில் வந்து, லோம்ப்ரோசோ என்ற இத்தாலிய டாக்டர் 1876இல் மண்டையையும் தாடையையும் அளந்து பிறவிக் குற்றவாளி என்று எழுதினார், அதெல்லாம் சுத்தப் பொய் என்று சிரித்தாயே, நீ போனபின் கண்ணாடியில் என் தாடையைப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் உன் சித்தப்பாவுக்கும் ஒரே தாடை.

புள்ளியியல் பேப்பருக்குப் பயந்து அழுதவள் இன்று தீசிஸ் எழுதுகிறாய், பெருமைதான். ஆனால் வேறு தலைப்பே கிடைக்கவில்லையா? 1939இல் சதர்லேண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 'ஒயிட் காலர் கிரைம்' என்று பேர் வைத்தாரே, கோட்டு போட்ட பெரிய மனிதர்களின் திருட்டு, அதை எழுதலாமே. சிறைக்குப் போனவர்களின் குடும்பம்தான் வேண்டுமா? யார் பேரும் வெளியே வராது, கையெழுத்து வாங்கித்தான் பேசுவேன், பாதியில் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுவேன், அதற்குத்தான் எத்திக்ஸ் கமிட்டி என்றாய். பேர் இல்லாவிட்டால் அம்மாவுக்குத் தெரியாதா?

நீ விட்டுப்போன நோட்டைப் படித்தேன். ஏன் தப்பு செய்தான் என்று கேட்காதே, மற்றவர்கள் ஏன் செய்யவில்லை என்று கேள், பிடித்து வைத்திருக்கும் உறவு தளர்ந்தால் ஆள் தடம் மாறுவான் என்று ஹிர்ஷி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969இல் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பக்கத்தில் பென்சிலால் 'சித்தப்பா?' என்று எழுதி அழித்திருக்கிறாய். அழித்தது தெரிகிறது.

உள்ளே இருந்து அவன் நாலு கடிதம் போட்டான். ஒன்றும் வரவில்லை என்று உங்கள் பாட்டியிடம் சொன்னேன், அவள் கடைசிவரை கேட்டாள். உறையை ஜெயிலில் பிரித்துப் பார்த்து, திரும்ப ஒட்டி, சீல் குத்தியிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் படித்ததை அண்ணன்காரன் நான் படிக்கவில்லை. அந்த சீல் தபால்காரர் கண்ணில் பட்டிருக்குமே என்பதுதான் அன்றைக்கு என் கவலை. இரண்டாவது தடவை அவன் உள்ளே போனபோது, பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று எல்லோரிடமும் சொன்னவனும் நான்தான்.

நாலும் பீரோவில், உன் சர்டிபிகேட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒட்டியபடியே.

சொந்த அப்பாவைப் பேட்டி எடுக்கலாமா என்று கைடிடம் கேட்டுக்கொள். கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை அனுப்பு. மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிடு, அம்மா தூங்கும் நேரம். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா