கொட்டு வாங்காதவர்களுக்குத்தான் ஆபத்து

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள செல்வராசு,

கடிதம் கிடைத்தது. காப்பிப் பூ நன்றாகப் பூத்து தேன் அறை நிறைந்திருக்கிறது என்று படித்தபோது மனசு குளிர்ந்தது. மருமகளுக்கு விரலில் தேனீ கொட்டி முழங்கை வரை வீங்கி, இரண்டு நாளாகியும் வடியவில்லை என்கிறாய். கூடவே "எனக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான், போகப் போகப் பழகிவிடும்" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம் நீளப் போகிறது.

உனக்குப் பழகியது உண்மைதான். அடிக்கடி கொட்டு வாங்குகிறவர்கள் உடம்பில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் ஏறி, விஷத்தைத் தடுத்துவிடுகிறது. வருஷத்துக்கு 200 கொட்டுக்கு மேல் வாங்கும் தேனீக்காரர்களிடம் ஒவ்வாமை அரிது. எப்போதாவது ஒன்றிரண்டு வாங்குகிறவர்களிடம்தான் அது அதிகம். வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் இந்த இரண்டாவது கூட்டம். மாதக் கணக்கில் இடைவெளி விட்டு ஒரு கொட்டு, நடுவில் தினமும் உன் சட்டையிலும் கையுறையிலும் காய்ந்து கிடக்கும் விஷம். அந்தத் தூசி மூக்கிலும் தோலிலும் படுவதே ஒவ்வாமைக்கு வழி திறக்கலாம் என்பது மருத்துவர்களின் சந்தேகம். இப்படி, ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ என்ற இன்னொரு புரதம் ஏறினவர்களுக்கு அடுத்த கொட்டு பழக்கமாகாது, தாக்குதலாக மாறலாம்.

அதற்காகப் பெட்டிகளை விற்றுவிடாதே. கொட்டின கை மட்டும் பெரிதாக வீங்கியவர்களில் அடுத்த கொட்டில் உடம்பு முழுக்கப் பாதிப்பு வருவது நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான். பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் கண்டுகொள்ளாமல் இருக்கும் அளவுக்கும் இல்லை.

முதலில் துணி விஷயம். பெட்டி வேலைக்குப் போட்ட சட்டையும் முகவலையும் வீட்டுக்குள் வரவே கூடாது. கொட்டகையிலேயே கழற்றி, மூடி போட்ட தனி வாளியில் போடு. உலர்ந்த துணியை உதறாதே. மடிப்பில் சிக்கிய தேனீயும் அறுந்த கொடுக்கும் அதில்தான் இருக்கும். துவைப்பதும் நீயேதான், சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வீட்டுத் துணியோடு சேர்க்காமல். மருமகளுக்குக் கொட்டியது துவைக்கும் கல்லில்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய், யோசித்துப் பார். தோல் கையுறையைத் துவைக்க முடியாது. அதில் தைத்த கொடுக்குகள் மாதக் கணக்கில் அப்படியே இருக்கும். கொடுக்கோடு வரும் வாழைப்பழ வாசனை வேறு அடுத்த தேனீயைக் கூப்பிடும். கழுவக்கூடிய ரப்பர் கையுறைக்கு மாறிக்கொள்.

பெட்டியின் வாசல் முற்றத்தைப் பார்த்திருந்தால் திருப்பி வை. ஒரேயடியாகத் திருப்பாமல் நாளுக்குக் கொஞ்சமாகத் திருப்பு. முன்னால் ஆறடி உயரத்தில் பச்சை வலை கட்டினால் தேனீ மேலே ஏறிப் பறக்கும், பேரப்பிள்ளைகள் தலைக்கு நேரே வராது. பெட்டிக்கு முன் செத்துக் கிடக்கும் தேனீயைத் தினமும் பெருக்கு. செத்த தேனீயின் கொடுக்கும் வெறுங்காலில் ஏறும். கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தால் அடுப்படிக் குழாயைத் தேடி வருவது குறையும்.

கொட்டினால் என்ன செய்வது? கொடுக்கை உடனே எடு. நகத்தால் சீவினாலும் சரி, பிடித்து இழுத்தாலும் சரி. முறையைவிட வேகம்தான் முக்கியம். 20 நொடிக்குள் பெரும்பங்கு விஷம் இறங்கிவிடும். சுண்ணாம்பு தேடி ஓடாதே, ஆளைக் கவனி. கொட்டின இடத்தைத் தாண்டி உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை அடைப்பு, குரல் மாற்றம், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல் - இவற்றில் மூச்சோ தலைசுற்றலோ தொண்டையோ வந்தால் நேரம் பார்க்கக் கூடாது. கொட்டில் சாகிறவர்களில் பலருக்குக் கால் மணி நேரத்துக்குள்ளேயே இதயம் நின்றுவிடுகிறது. உன் ஊர் நாகலூரிலிருந்து ஏற்காடு போய், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வருவதற்குள் அந்தக் கால் மணி நேரம் போய்விடும். ஆகவே முதல் ஊசி வீட்டிலேயே போடப்பட வேண்டும்.

அந்த மருந்து அட்ரினலின். 1 மில்லி ஆம்பியூலில் (சின்னக் கண்ணாடிக் குப்பி) 1 மில்லிகிராம் இருக்கும். பெரியவர்களுக்கு 0.5 மில்லி, 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 0.3, அதற்கும் சின்னவர்களுக்கு 0.15, தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில், செங்குத்தாக. நரம்பில், அதாவது ரத்தக் குழாயில், போடவே கூடாது. அஞ்சு நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. மருத்துவரிடம் சீட்டு வாங்கி, அவரிடமே கையால் போட்டுப் பழகிக்கொள். மருமகளும் உன் மகனும் பழக வேண்டும், நீ மட்டும் கற்றால் போதாது. இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம்: ஊசி குட்டை, தசைக்குப் போகாது, அதிலுள்ள யூனிட் கணக்கில் அளவும் தப்பும். 2 மில்லி சிரிஞ்சும் 1 அங்குல ஊசியும் வாங்கு, 0.5 கோட்டை மை வைத்துக் காட்டிவிடு. மருந்தை முன்கூட்டியே உறிஞ்சி வைக்காதே. வெளிச்சம் படாமல் வை. நிறம் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் தூக்கிப் போடு. செட்ரிசினும் அவிலும் அரிப்பை அடக்கும், உயிரைக் காப்பாற்றாது.

போட்டதும் 108-க்குக் கூப்பிடு. ஆளை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்து. மூச்சுத் திணறினால் கால் நீட்டி உட்காரலாம். எழுந்து நடக்க விடாதே. நம் மலையில் பைக்கில் நடுவே உட்காரவைத்து இருவர் தாங்கிக்கொண்டு போகிற வழக்கம் இருக்கிறதே, அதைச் செய்யவே கூடாது. ரத்த அழுத்தம் விழுந்த ஆளை நிமிர்த்தினால் இதயம் நின்றுவிடலாம். காரில் பின் சீட்டில் படுக்கவை. தெளிந்துவிட்டது என்று பாதி வழியில் திரும்பாதே, சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம்.

தங்கச்சி ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் போடுவதாக முன்பு எழுதியிருந்தாய். அந்த வகை மாத்திரை அட்ரினலினை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். தானாக நிறுத்த வேண்டாம், வீட்டில் தேனீப் பெட்டி இருப்பதை மருத்துவரிடம் சொல்லி மாற்று உண்டா என்று கேட்கச் சொல்.

உடம்பு முழுக்கப் பாதிப்பு ஒருமுறை வந்தால், 4 முதல் 6 வாரம் கழித்து ஒவ்வாமைச் சோதனை செய்யலாம். உடனே செய்தால் பொய்யாக 'இல்லை' என்று வரலாம். நன்றாக இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குச் சோதனை வேண்டாம். தேனீ வளர்க்கும் வீட்டில் பலருக்கு ரத்தத்தில் ஐஜிஇ காணும், நோய் இருக்காது. வீணாகப் பயம்தான் மிஞ்சும். தேனீ விஷத்தையே சிறுகச் சிறுக ஏற்றி 100 மைக்ரோகிராம் வரை கொண்டுபோய், பின் மாதமொருமுறை வருஷக் கணக்கில் போடும் சிகிச்சை இருக்கிறது. அந்த 100 ஏறக்குறைய இரண்டு கொட்டின் அளவு. 1978-இல் வெளிவந்த ஆய்வில் சுத்தமான விஷம் பலன் தந்தது. தேனீயை முழுசாக அரைத்து எடுத்த சாறு மருந்தில்லாத வெறும் ஊசியைவிட மேலாக இல்லை. அப்படி ஏதாவது விற்கிறார்கள் என்று யாராவது சொன்னால் வாங்காதே.

மாங்காய் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. சேலம் குண்டு ஒரு கூடை பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன். ஊசி, ஆம்பியூல் இரண்டையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு ஒரு வரி எழுது. மருமகளுக்கு வீக்கம் வடிந்ததா என்று அதற்கு முன்னாலேயே சொல்.

அன்புடன்,
குமரேசன்