மண்டபத்தை வாடகைக்கு விடும் முன்

செபராங் பிறை வட்டாரத்தில் கோயில் மண்டபங்களை நிர்வகிக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உங்கள் மண்டபங்களில் நடக்கும் 'இலவச நரம்புப் பரிசோதனை' பற்றித்தான் இந்த மடல். பசியாறல் உண்டு. வந்தவர்களை ஓர் உலோகக் குச்சியை உள்ளங்கையில் பிடிக்கச் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் மடிக்கணினியில் சிவப்பும் மஞ்சளுமாக அறிக்கை வந்துவிடும். அப்புறம் ஒருவர் மைக்கைப் பிடிப்பார்: "மைட்டோகாண்ட்ரியாதான் நரம்போட பேட்டரி. வயசானா வீக்காயிடும். இந்தக் காப்ஸ்யூல் அதை ஏத்திவிடும்." என் பெரியம்மா அப்படித்தான் மூன்று டப்பாவோடு வீடு திரும்பினார்.

நான் உயிரியல் ஆசிரியன். அந்தப் பேட்டரிக் கதை சறுக்குகிற இடத்தைச் சொல்கிறேன்.

உயிரணுவுக்குள் இருக்கும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தருவது உண்மை. ஆனால் அது தனியாகக் கிடந்து வேலை செய்வதில்லை. உயிரணு முழுக்கப் படர்ந்திருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னல் பல இடங்களில் அதை நெருங்கி நிற்கிறது. நடுவே 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளிதான். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்! இந்த இடுக்கின் வழியாகத்தான் வலையில் சேர்த்துவைத்த கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது. அளவாகப் போனால் ஆற்றல் உற்பத்தி கூடும்; அளவு மீறினால் அதே கால்சியம் உயிரணுவையே சாகடிக்கும். சவ்வுகளுக்கு வேண்டிய கொழுப்புகளும் இங்கேதான் கைமாறுகின்றன. எலியின் கல்லீரலில் இருந்து இந்தப் பகுதியைப் பிரித்தெடுத்து, கொழுப்பு ஆக்கம் அங்கே நடப்பதை 1990இல் ஜீன் வான்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். மைட்டோகாண்ட்ரியா இரண்டாகப் பிரியும்போதுகூட, பிரியவேண்டிய இடத்தை இந்த வலைதான் சுற்றிப் பிடித்துக் காட்டுகிறது.

இந்த ஏற்பாடு குலைந்தால் நரம்பணு மிகவும் அடிபடும். முதுகுத்தண்டில் இருந்து பாதம் வரை ஓடும் அதன் இழை ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். வலையும் அதற்குள்ளேயே கடைசிவரை போகிறது. பிரேசில் குடும்பங்களில் பரம்பரையாக வந்த ஏஎல்எஸ் வகை நரம்புநோய்க்கு (தசையை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் நோய்) விஏபிபி என்ற புரதத்தில் ஏற்பட்ட ஒரே ஓர் அமினோ அமில மாற்றம் காரணம் என்று 2004இல் தெரியவந்தது. எண்டோபிளாச வலையின் மேல் இருந்துகொண்டு மைட்டோகாண்ட்ரியாவைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில் அதுவும் ஒன்று. அங்கே கோளாறு பிடிமானத்தில். பேட்டரி எண்ணிக்கையில் அல்ல. சரி, பிடிமானத்தைக் கூட்டிவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. அல்சைமர் நோயாளிகளின் உயிரணுக்களில் இந்த நெருக்கம் வழக்கத்தைவிடக் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல் என்கிற ஒன்றை 'ஏத்திவிடுகிறோம்' என்று விற்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இந்த இடைவெளியைக் கண்ணால் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். உள்ளங்கைக் குச்சிக்கு அது எட்டாது.

நம்மவர்கள் பலருக்குக் கால் எரிச்சலும் மரத்துப்போவதும் இனிப்புநீரால் வருபவை. இனிப்புநீருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம்; அதனாலும் கால் மரத்துப்போகும். அதற்கு ஓர் இரத்தப் பரிசோதனை போதும், மருந்தும் உண்டு. மூன்று டப்பா வாங்கியவர் "இது போதும்" என்று கிளினிக் போவதை நிறுத்திவிடுகிறாரே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

இனிப்புநீரையும் பக்கவாதத்தையும் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய மலேசியாவின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை விதிக்கிறது. அதனால் மண்டபம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் பொருள் அரசிடம் பதிவானதைக் காட்டும் எம்ஏஎல் (MAL) எண்ணைக் கேளுங்கள், விளம்பரத்துக்கு அனுமதி கிடைத்ததைக் காட்டும் கேகேஎல்ஐயு (KKLIU) எண்ணையும் கேளுங்கள். இரண்டும் கையில் இருந்தாலும் நோயைத் தீர்க்கும் என்று அர்த்தமில்லை என்பதைக் குழுவில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். முக்கியமாக, பூசை முடிந்ததும் கோயில் ஒலிபெருக்கியில் அவர்களுக்காக அறிவிப்புச் செய்யாதீர்கள். கோயில் சொன்னால் எங்கள் பெரியம்மாக்கள் கேள்வி கேட்கமாட்டார்கள்.

வாடகை வருமானம் உங்களுக்குத் தேவை என்பது தெரியும். ஒரு ஞாயிறு எனக்குக் கொடுங்கள். நரம்பணுவைத் திரையில் காட்டி இதையெல்லாம் தமிழில் சொல்கிறேன், எதையும் விற்கமாட்டேன். மண்டபக் கட்டணத்தை நானே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்தில் இருந்து ஓர் ஆசிரியர்