எங்கள் மகனைத் தூக்கிய கைகளுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மகன் எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வை எழுதி முடித்துவிட்டான். டூஷென் தசைச்சிதைவு நோய் உள்ள பிள்ளை. அவனைத் தேர்வு அறைவரை கொண்டு சேர்த்தவர்களிடம் நேரில் நன்றி சொல்லப் போனால் எனக்குப் பேச்சு வருவதில்லை; அழுகைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

நான்கு வயதில் அவன் கெண்டைக்கால்கள் பருத்துத் திரண்டிருந்தன. "நல்ல உரமான பிள்ளை" என்றார்கள், நானும் பூரித்துப்போனேன். தரையிலிருந்து எழும்போது மட்டும் முழங்காலில் கை ஊன்றி, தொடையைப் பிடித்துப் பிடித்துத் தன் உடம்பின் மேலேயே ஏறுவான். அதை விளையாட்டு என்றே நினைத்தோம். "இது விளையாட்டில்லை அக்கா, பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொன்ன அங்கன்வாடித் தங்கைக்குத்தான் முதல் நன்றி.

நோய் உறுதியானதும் வீட்டில் எல்லோர் பார்வையும் என் மேல் விழுந்தது. என் மாமியாரையும் உட்காரவைத்து அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உடம்பில் உருவாகாததால் வருவது இது. இந்த நோய் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மரபணுவில் புதிதாகவே இந்தப் பிழை நேர்கிறது. தாய்வழி வந்தாலும் அது தாயின் குற்றமில்லை. டாக்டர், அன்று இரவுதான் நான் தூங்கினேன்.

ஆட்டோ அண்ணனுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? தோள் தசை தளர்ந்த பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் நழுவிவிடுவான். ஒருமுறை நழுவியும்விட்டான். மறுநாளே அண்ணன் இயன்முறை மருத்துவரிடம் வந்து நின்று, முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கடியில் ஒரு கை என்று தூக்கப் பழகிக்கொண்டார். மழை நாளில் துண்டை விரித்து முதலில் அவன் தலையைத்தான் மூடுவார்.

குதிகால் தசைநாண் இறுகாமல் இருக்கத் தினமும் காலை நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுத்த அந்த இயன்முறை மருத்துவருக்கும், அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு எழுதி என்னோடு மூன்று முறை அலைந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், சொல்லாமலே அவன் பையைச் சுமக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் என் வணக்கம்.

மாடியில் இருந்த வகுப்பை அவனுக்காகவே கீழே மாற்றினார் தலைமையாசிரியை. ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. அதுவும் தரைத்தளத்தில்தான் என்று நேற்றே சொல்லியனுப்பியிருக்கிறார்.

நன்றியுடன்,
அவன் அம்மா